சக்கரம் மேலேயே நின்றது: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று மாதமாக என்னோடு சேர்ந்து மண்டையைக் குடைந்தவர்கள் நீங்கள், அதனால் உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நேற்று சக்கரங்களை மடக்கி 40 நிமிடம் பறந்தேன், ஹைட்ராலிக் பம்ப் ஒரு தடவைகூட மறுபடி ஓடவில்லை!

விஷயம் தெரியாதவர்களுக்காக: நான் கட்டிய இந்த இரண்டு இருக்கை விமானத்தில், மடக்கிய சக்கரத்தைப் பிடித்து வைக்கக் கொக்கி எதுவும் கிடையாது, எண்ணெயின் அழுத்தம் மட்டும்தான். அழுத்தம் இறங்கினால் பிரஷர் சுவிட்ச் பம்பை ஓட்டும். எனக்கு அது 4 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லை, தொட்டியில் எண்ணெயும் குறையவில்லை. சரி, சிலிண்டருக்குள் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போய்விட்டது என்று முடிவுகட்டி மூன்று சிலிண்டரையும் கழற்றக் கிளம்பிவிட்டேன்.

அப்போது தடுத்த அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. "எதையும் கழற்றாதே, அவசரத்துக்குச் சக்கரம் இறக்கும் வால்வை முதலில் லைனிலிருந்து பிரித்து, இரண்டு முனையையும் மூடிப் பார்" என்றார். அந்த வால்வைத் திறந்தால் ஏற்றும் பக்கமும் இறக்கும் பக்கமும் ஒன்றாகி, சக்கரம் தன் எடையிலேயே விழும். அது ஒழுங்காக மூடாமல் போனால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் போய்த் தொட்டிக்குத் திரும்பிவிடும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு சிலிண்டர் சீல் போனதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. எனக்கு இது தோன்றவே இல்லை. அளவான மூடிகளைத் தன்னிடமிருந்து அனுப்பி வைத்தார் இன்னொரு நண்பர். மாட்டிவிட்டுச் சக்கரத்தை ஏற்றிப் பார்த்தோம், ஒரு மணி நேரம் அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையவில்லை. அப்போ கோளாறு வால்வில்தான்.

வால்வைப் பிரித்தபோது, அடைப்பு வந்து உட்காரும் விளிம்பில் வெள்ளையாக ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தது, இமைமுடி அளவுதான். டெஃப்லான் டேப். 37 டிகிரி ஃபிளேர் ஃபிட்டிங்கில், அதாவது குழாயின் முனையை விரித்து இணைக்கும் இணைப்பில், உலோகத்தோடு உலோகம் அழுந்தித்தான் அடைக்கிறது, மரையில் டேப்புக்கு வேலையே இல்லை; கட்டும்போது நான்தான் சுற்றியிருக்கிறேன். எல்லா ஃபிட்டிங்கையும் திறந்து, டேப்பை எடுத்து, லைன்களைக் கழுவி, புது 5606 என்கிற சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றினேன்.

ஜாக்கில் ஏற்றியிருக்கும்போது பம்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுக்காமல் யாரும் சக்கரத்துக்குக் கீழே தலை கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் கூடவே நின்று பார்த்துக்கொண்ட தம்பிக்கு என் நன்றி தனி. பேட்டரி தளர்ந்துவிடும், சார்ஜரைப் போட்டுக்கொண்டே சோதித்துப் பார் என்றவருக்கும்.

அப்புறம், பறப்பதற்கு முன் ஜாக்கில் வைத்தே பிரேக்கரை இழுத்துவிட்டு, அதே வால்வைத் திறந்து மூன்று தடவை விழவிட்டுப் பார்த்தோம். மூன்று தடவையும் இறங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது, அதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிந்தன.

மூடிகளைத் துடைத்துப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்து யாருக்கு வேண்டுமோ சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.