ரயில் ஓடாத பாலம்

அன்புள்ள தேன்மொழி,

நீ விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன் என்று சொன்ன பிறகுதான் அம்மா தூங்கினாள். ராஜமுந்திரியில் ரயிலிலிருந்து நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "பக்கத்துல ஒரு இரும்புப் பாலம் சும்மா நிக்குதே, அதுலதான் வேலை பாத்தீங்களாப்பா?" என்று கேட்டிருந்தாய். அதிலேதான். போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

அது ஹேவ்லாக் பாலம். அப்போது ராஜமுந்திரி சென்னை மாகாணத்தில் இருந்தது, ஹேவ்லாக் இங்கே கவர்னர். வால்டன் என்ற இன்ஜினியர் கட்டினார். 1897 நவம்பரில் வேலை தொடங்கி 1900 ஆகஸ்டில் ரயில் விட்டுவிட்டார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருப்பதைக் கண் என்போம். மொத்தம் 56 கண், ஒவ்வொன்றும் 150 அடி. அதற்கு முன்பெல்லாம் ரயிலில் வருகிறவர்கள் இறங்கி, மூட்டை முடிச்சோடு படகில் கோதாவரியைத் தாண்டி, அக்கரையில் வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

நான் சேர்ந்தபோது பாலத்துக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. முதல் வேலை ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி, அதைத் தட்டிப் பார்ப்பது. ரிவெட் தலையின் ஒரு பக்கம் விரலை ஒட்டி வைத்துக்கொண்டு மறு பக்கம் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் லேசாகத் துடிக்கும். வெயில் தாங்காமல் ஒரு நாள் விரல் வைக்காமலே பத்துப் பதினைந்தைத் தட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்த மிஸ்திரி ஒன்றைக் காட்டினார். தலையைச் சுற்றிப் பழுப்பாகத் துரு கசிந்திருந்தது. அவர் திட்டவில்லை. முதல் ரிவெட்டிலிருந்து மறுபடி தட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

பிறகு துருவைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே அலுமினியப் பெயிண்ட். தூண் தலையில் பேரிங்குகளுக்கு கிரீஸ். தூண்களின் மேல் கிடக்கும் இரும்பு உத்தரம்தான் கர்டர். வெயிலில் கர்டர் நீளும், அது நகர இடம் கொடுப்பது பேரிங்தான். அங்கே மண் அடைத்தால் தூணுக்கு வலிக்கும்.

மழைக்காலத்தில் கவனமெல்லாம் தண்ணீர் மேல்தான். 1986 ஆகஸ்டில் தவளேஸ்வரம் அணையில் வினாடிக்கு 35 லட்சம் கன அடி போனது. நீ பிறந்து நாலு நாள். தூணில் போட்டிருந்த அளவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் கரையில் நின்றிருந்தேன். உன் முகத்தைப் பார்த்தது பன்னிரண்டாம் நாள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

1997-ல் பக்கத்தில் வளைவுப் பாலம் வந்ததும் பழையதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். உன் ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய வில்லாக ஓடியதே, அதுதான். 28 வளைவு, எல்லாம் கான்கிரீட். பெயிண்ட் செலவு இல்லை என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் இரும்பு தன் நோயை முகத்திலேயே காட்டிவிடும். கான்கிரீட்டுக்கு உள்ளே இருக்கும் கம்பியை யார் தட்டிப் பார்ப்பது? அதற்கும் மிஷின் இருக்கிறது என்று உன் தம்பி சொல்கிறான். எனக்கு விரல்தான் தெரியும்.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கர்டரின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு. பெயிண்ட் அடிக்கிறபோது அங்கேதான் காசு கிடைக்கும். கோதாவரித் தாய்க்கு என்று ஜனங்கள் ஜன்னல் வழியாக வீசுவதில் பாதி ஆற்றில் விழாமல் கர்டரில் தங்கிவிடும். அலுமினியப் பெயிண்ட் ஒட்டிய நாலணாக்களை உனக்குக் கொண்டுவந்து தருவேனே, ஞாபகம் இருக்கிறதா? சாமி காசு என்று செலவு பண்ணாமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாய். பாட்டில் பரணில் அப்படியே இருக்கிறது. வரும்போது எடுத்துத் தருகிறேன்.

பகல் வண்டியாகப் பார்த்து டிக்கெட் போடு.

அப்பா