டெஸ்ட் இருக்கட்டும், மார்க்கை எடுத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு டெஸ்டே வேண்டாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 22 வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் வாடிப்போகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், அதனால் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. கேள்வி கேட்பது ஒன்று, கேட்ட கையோடு பதிலுக்கு ஒரு எண்ணைப் போட்டுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டால், படித்தது மனதில் தங்குவதற்கு நம் கையில் இருக்கிற மிக நல்ல வழியும் அதோடு போய்விடும்.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். போன மாதம் என் மகள் அறிவியல் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், சில வரிகளில் மஞ்சளுக்கு மேலே பச்சை வேறு. மூணு தடவை வாசிச்சாச்சு, எல்லாம் தெரியும் என்றாள். சரி, புத்தகத்தை மூடு, சிறுகுடலில் என்ன நடக்கிறது என்று உன் வார்த்தையிலேயே சொல் என்றேன். வாயைத் திறந்தாள், நின்றுவிட்டாள். "தெரியும்மா, அந்தப் பக்கத்துல கீழ, இடது ஓரத்துல இருக்கு, ஆனா வரமாட்டேங்குது." இருந்த இடம் ஞாபகம் இருக்கிறது, பூசிய நிறம் ஞாபகம் இருக்கிறது, விஷயத்தைக் காணோம். அவள் ஏமாற்றவில்லை. கண்ணுக்குப் பழகியதை மனதுக்குத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வது பெரியவர்கள் நமக்கும் நடப்பதுதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் வாசித்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டதற்கு, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு சுற்றும் வாசித்த குழுதான். மறக்கப்போகிறவர்களுக்குத்தான் நன்றாகப் படித்துவிட்டோம் என்ற நிறைவு அதிகம் இருந்திருக்கிறது!

இறைக்கிற கிணறு ஊறும் என்பார்களே, மனதும் அப்படித்தான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க எடுக்கத்தான் அடுத்த தடவை அது சுலபமாக வருகிறது. ஆக, டெஸ்ட் என்பது படித்து முடித்தபிறகு எடை போடும் தராசு மட்டும் கிடையாது, அதுவே ஒரு படிப்பு. கட்டுரையாளர் இந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை.

கணக்கிலும் இதே ஏமாற்றம் வேறு வேஷத்தில் வருகிறது. புத்தகத்தில் ஒரு பயிற்சி முழுக்க ஒரே வகைக் கணக்காக இருக்கும். மூன்றாவது கணக்குக்கு வரும்போது பிள்ளை கேள்வியைப் படிப்பதே இல்லை, மேலே போட்ட சூத்திரத்தில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டே போகிறது, எல்லாம் சரியாக வருகிறது, நானும் டிக் போட்டுவிட்டுச் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன். அப்புறம் பரீட்சையில் நாலு வகையும் கலந்து வந்தால், எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007இல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு விதமான திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், நான்கு வகையையும் கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்டில் ஒவ்வொரு வகையாக முடித்தவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. இந்த எண்களைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை வருடம் அந்த 89ஐப் பார்த்து, நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறேன்.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் பிள்ளைகளுக்கு இப்படிக் கசக்கிறது? விடைத்தாள் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் ஒரு வகுப்பின் பின்னால் போய் நின்று பாருங்கள். தாள் கைக்கு வந்ததும் கண் நேராக வலது மேல் மூலைக்குப் போகும். அடுத்து பக்கத்துப் பிள்ளையின் மூலைக்கு. பிறகு தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிடுவார்கள், அவ்வளவுதான். ராத்திரி உட்கார்ந்து சிவப்பு மையில் நான் எழுதிய ஒரு வரியையும் யாரும் படிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அலட்சியம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த சோதனையைப் படித்த பிறகுதான் புரிந்தது. சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்திருக்கிறார். கருத்து மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வமும் நிலைத்தது, அடுத்து செய்த வேலையும் நன்றாக வந்தது. மார்க்கும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பக்கத்தில் எண் வந்து உட்கார்ந்ததும் கருத்து கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அதற்குப் பிறகு வாராந்திர டெஸ்டில் மார்க் போடுவதை நிறுத்தினேன். பத்து நிமிடம், நாலு கணக்கு, அதில் ஒன்று கட்டாயம் இரண்டு வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்து. திருத்தும்போது "மூன்றாவது வரியில் குறி மாறிவிட்டது, அங்கிருந்து திரும்பப் போடு" என்கிற மாதிரி ஒரே ஒரு வரி எழுதுவேன். முதல் மூன்று வாரம் "மிஸ், எத்தனை மார்க்?" என்ற கேள்வியைத் தவிர வேறு பேச்சே இல்லை, இரண்டு பெற்றோர் நேரிலேயே வந்து சண்டை போட்டார்கள். நாலாவது வாரம், வருடம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்த பையன் ஒருவன் தாளோடு என் மேசைக்கு வந்தான். "மிஸ், மூணாவது வரின்னு போட்டிருக்கீங்க, ஆனா தப்பு ரெண்டாவது வரிலயே ஆரம்பிச்சிடுச்சே" என்றான். அவன் சொன்னதுதான் சரி. தன் தப்பை என்னைவிடக் கூர்ந்து அவன் பார்த்திருக்கிறான்.

ஊக்கம் என்று நாம் தேடுவது இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். பரிசு கொடுத்தால் வராதா என்று கேட்பார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத சமயத்தில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எல்லாப் பரிசும் கெடுதல் என்று சொல்லமாட்டேன், அந்தப் பரிசோதனையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்த சான்றிதழ் யார் ஆர்வத்தையும் குறைக்கவில்லை. வெறும் ஊக்கப் பேச்சும் அதிக தூரம் போகாது. உழைத்தால் அறிவு வளரும் என்று மனதில் பதியவைக்கும் ஒரு சிறு பயிற்சியை அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2019இல் வந்தது. பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது உண்மை, ஆனால் சிறிய பலன், சுமார் 4 புள்ளிக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியில் 0.1 போல. என்னால் முடிந்தது என்பதைப் பிள்ளை தானே கண்ணால் பார்க்க வேண்டும். நேற்று வராத கணக்கு இன்று வந்தது என்று அந்த மூணாவது வரிதான் அதற்குக் காட்டும்.

கட்டுரையாளர் பயத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் அடிக்கடி இப்படி நினைவுகூரும் பயிற்சி செய்த 1,400க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் கேட்டிருக்கிறார்கள். பரீட்சை பயம் குறைந்தது என்று சொன்னவர்கள் 72 சதவீதம். டெஸ்ட் அடிக்கடி நடந்தால் பயம் குறையவும் செய்யும்.

வருடக் கடைசிப் பரீட்சைக்கு மார்க் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை, வாரா வாரம் நடப்பதற்குத்தான் கேட்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்க் இல்லாமல் டெஸ்ட் வைத்துப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் இருந்தால் அவர்களை உங்கள் பக்கங்களில் எழுதச் சொல்லுங்கள். கணக்கில் தப்பு எந்த வரியில் என்று காட்டிவிடலாம், மொழிப்பாடத்தில் ஒரு பிள்ளை எழுதிய கட்டுரைக்கு அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை