மாத்திரையை எப்போது நிறுத்துவான் என்று கேட்காதீர்கள், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

தங்கச்சி இதை வாசித்துக் காட்டுவாள். ஃபோனில் பேசினால் நீங்கள் பாதியில் அழத் தொடங்கிவிடுகிறீர்கள், எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடலாமா என்று உங்கள் மகனிடம், என் தம்பியிடம், கேட்டேன். "என் பேரும் தோட்டத்துப் பேரும் இல்லாம எழுதுங்கக்கா, வேற அம்மாமாருக்கும் உதவும்" என்றான்.

லண்டனில் அவனுக்குப் போதைப் பழக்கத்தை விட நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள் என்றதும் நீங்கள் கேட்டது, "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா?" அடுத்த கேள்வி, "இத எப்ப நிப்பாட்டுவான்?" இங்கே இலங்கையில், ஹட்டனில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் பகல் முழுக்க நிற்கிறவள் நான். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அவன் போதையைத் தேடிப் போனவன் இல்லை. கிடங்கில் பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. லீவு போட்டால் சம்பளம் இல்லை. அங்கே பார்மசியில் கோடீன் கலந்த வலி மாத்திரையை டாக்டர் துண்டு இல்லாமலே வாங்கலாம். பெட்டியிலேயே மூன்று நாளுக்கு மேல் போடாதே, பழக்கமாகிவிடும் என்று அச்சடித்திருப்பார்கள். இடுப்பு வலியோடு ராத்திரி ஷிஃப்டுக்கு ஓடுகிறவன் அதை எங்கே வாசிக்கப் போகிறான்? மூன்று நாள் மூன்று மாதமானது. அப்புறம் வெளியே ஒருவனிடம் டிரமடோல் என்ற இன்னும் பலமான வலி மாத்திரை. அதுவும் போதாமல் போனபோதுதான் நம் ஊரில் குடு என்கிறோமே, அந்த ஹெரோயின். அபினியிலிருந்து வந்ததோ அதைப் பார்த்துச் செய்ததோ, இவை எல்லாம் ஒரே குடும்பம்.

தானாக நிறுத்திப் பார்க்காமலும் இல்லை. நிறுத்தி அரை நாளிலேயே கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர், மயிர்க்கூச்செறிதல். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. காய்ச்சல் என்று சொல்லி உங்கள் ஃபோனை எடுக்காமல் இருந்தானே, அப்போது இதுதான் நடந்தது. ஒரு வாரத்தில் உடம்பு ஓரளவு அடங்கிவிடும். மனசுக்குள் இருக்கிற இழுப்பு மாதக்கணக்கில் அடங்காது. திரும்பப் போய் விழுவது அதனால்தான். வைராக்கியம் இல்லாதவன் என்று சித்தப்பா சொன்னாராம். சம்பளத்தன்று அவர் எந்தக் கோலத்தில் லயத்து வீட்டுக்கு வந்து சேர்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

இப்போது அவனுக்குக் கொடுக்கும் மாத்திரையின் பேர் புப்ரெனோர்ஃபின். அது எப்படி வேலை செய்கிறது என்றால், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பொகவந்தலாவை பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகக் குடையைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. மூளையில் இந்தக் குடும்பத்து மருந்துகள் போய் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. புப்ரெனோர்ஃபின் அங்கே போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வருகிற ஹெரோயினுக்கு இடம் கிடைக்காது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் அது முழு ஆட்டம் போடாது, பாதி வேலைதான் செய்யும். துடிப்பும் ஏக்கமும் அடங்க அது போதும். சரியான அளவில் எடுக்கிறவன் கிறங்கிக் கிடக்க மாட்டான். எழுந்து குளித்து வேலைக்குப் போவான். நீங்கள் வீடியோ காலில் பார்த்து "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொன்னீர்களே, அது இந்த மாத்திரையால்தான், சித்தி.

முதல் நாள் பிள்ளையைத் துடிக்க விட்டுவிட்டார்கள் என்று அந்த டாக்டரைத் திட்டினீர்கள். அவர் செய்ததுதான் சரி. ஹெரோயின் இன்னும் சீட்டில் இருக்கும்போதே இந்த மாத்திரையைக் கொடுத்தால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு உட்காரும். ஒரு வாரத்து வேதனை முழுவதும் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கும். அதனால் கடைசியாக எடுத்ததிலிருந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரமாவது கழிந்து, கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் தொடங்கிய பிறகே கொடுப்பார்கள்.

அப்புறம் அந்தக் கடைக்காரர் விஷயம். தினமும் பார்மசிக்குப் போய் அவர் கண் முன்னால் போட வேண்டும் என்றதும் "என் பிள்ளைய திருடன் மாதிரி நடத்துறாங்க" என்றீர்கள். புதிதாகத் தொடங்குகிற பலருக்கு அங்கே அப்படித்தான். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனால் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். மாத்திரை நாக்குக்கு அடியில் கரைய ஐந்து பத்து நிமிடம் ஆகும். அதுவரை பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி ஈரலிலேயே வீணாகிவிடும். கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்து விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல் கெட்டுப்போகும். அவனுக்கு அங்கே இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நீங்களும் ஒரு தடவை சொல்லுங்கள், அம்மா சொன்னால் கேட்பான்.

அவன் கூட்டாளிக்குக் கொடுக்கும் பச்சைத் தண்ணி மருந்தின் பேர் மெதடோன். அது வேறு விதம், உடம்பில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே வரும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். முதல் இரண்டு வாரம் மிகவும் கவனம் தேவை. யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

இது லண்டன்காரர்கள் நேற்றுக் கண்டுபிடித்த சோதனை வைத்தியம் இல்லை. மெதடோனை இதற்காகக் கொடுக்கத் தொடங்கியவர்கள் நியூயோர்க்கில் வின்சன்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு டாக்டர்கள், 1960களின் நடுவில். பிரான்சில் 1990களின் நடுவில் சாதாரண குடும்ப டாக்டர்களே புப்ரெனோர்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று விட்டார்கள். அடுத்த சில வருடங்களில் ஹெரோயின் அளவு மிஞ்சிச் சாகிறவர்கள் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு குறைந்துபோனார்கள். உலக சுகாதார அமைப்பு 2005இல் இந்த இரண்டு மருந்தையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

எப்போது நிறுத்துவான் என்ற கேள்விக்கு வருகிறேன். தேதி கிடையாது. சிலருக்கு ஒரு வருடம், சிலருக்குப் பல வருடம், சிலர் தொடர்ந்து எடுப்பார்கள். நிறுத்துவதென்றால் டாக்டரோடு பேசி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. வாராவாரம் "இன்னும் போடுறியா?" என்று நீங்கள் கேட்டால் ஒரு நாள் உங்களைச் சந்தோஷப்படுத்த நிறுத்திவிட்டேன் என்பான். உண்மையிலேயே நிறுத்தியும் விடுவான். எனக்குப் பயம் அங்கேதான். மருந்தை விட்ட கொஞ்ச நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மனசு உடைந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்தும் மறுவாழ்வு முகாமிலிருந்தும் "சுத்தமாகி" வெளியே வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் மிக மோசமான காலமாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

அவன் அறையில் நலோக்சோன் என்ற மூக்கு ஸ்ப்ரே இருக்கிறது. அளவு மிஞ்சி மூச்சு அடங்கும்போது அடித்தால் மூச்சு திரும்பும், கூடவே ஆம்புலன்சையும் கூப்பிட வேண்டும். கூட இருக்கும் பையனுக்கும் பழக்கிக் கொடுத்திருக்கிறான். இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அவன் உயிரோடு இருக்க நினைக்கிறான் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியவில்லை. சாராயம், தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரெகபலின் மூன்றும் இந்த மருந்தோடு சேரக் கூடாது. அங்கே நம்மவர்கள் கல்யாண வீட்டில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அம்மா பேரை இழுத்துக்கொள்ளட்டும், அதற்கு நீங்கள் சம்மதம் சொல்லிவிடுங்கள்.

மருந்து துடிப்பை அடக்கும். நாலு பேர் படுக்கிற அறை, கடன், மூன்று வருடமாக ஊருக்கு வராதது, இதற்கெல்லாம் மாத்திரை இல்லை. அதற்காக அவனுக்கென்று ஓர் ஆளைப் போட்டிருக்கிறார்கள். வாராவாரம் உட்கார்ந்து பேசுகிறாள். தூக்கம், சாப்பாடு, வேலை, வாடகை எல்லாம் கேட்கிறாள். ஈரல் அழற்சிக்கு இரத்தம் சோதித்தார்கள். இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள், வலி அப்படியே இருந்தால் மாத்திரையைத் தேடும் புத்தியும் இருக்கும்தானே. அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியை அவன் என்னிடம் சொன்னான்: "வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் உனக்கு எப்படி இருக்கும்?" இவன் சொன்ன பதில், "காசு எவ்வளவு அனுப்பணும்னு மனசு கணக்குப் போடும்."

கோபப்படாதீர்கள் சித்தி. வாசல் திண்ணை இஸ்தோப்பை உடைத்துச் சுவர் எழுப்பக் காசு வேண்டும்தான், லயத்தில் மழை ஒழுகுவதும் எனக்குத் தெரியும். இந்த வருடம் தகரத்தை மாற்றிச் சமாளிப்போம், நானும் கொஞ்சம் தருகிறேன். ஃபோன் பண்ணினால் என்ன சமைத்தாய் என்று கேளுங்கள். இந்த மருந்துக்கு மலச்சிக்கல் வரும், பழம் கீரை சாப்பிடச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை வைத்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

திருவிழாவுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். வரட்டும். ஆனால் இது கட்டுப்பாட்டுக்குள் இருக்கிற மருந்து. எத்தனை நாளைக்கு எவ்வளவு என்ற டாக்டர் கடிதம் வேண்டும், இங்கே கொண்டுவர அனுமதி உண்டா என்று டிக்கெட் போடும் முன்பே விசாரிக்க வேண்டும். அதை நானும் அவனும் பார்த்துக்கொள்கிறோம். மாத்திரையை அங்கே வைத்துவிட்டு "பத்து நாள்தானே" என்று ஏறி வரக் கூடாது.

மேல் லயத்து அக்காவும் தன் பையனைப் பற்றி உங்களிடம் சொல்லி அழுதார்களாம். 1927க்கு அடிக்கச் சொல்லுங்கள், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் கூட்டிப் போகலாம். என்ன மருந்து இருக்கிறது, எது பொருந்தும் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கட்டிப் போட்டு வைத்தால் விட்டுவிடுவான் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பொடி. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் எந்தப் போதையும் மறந்துபோகும் என்று ஒருவர் பஸ்ஸில் சொன்னாராமே, அதைப் பார்சலில் லண்டனுக்கு அனுப்ப விலையும் பேசிவிட்டீர்களாம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியுமோ தெரியாது. பிள்ளை எடுக்கிற மருந்தோடு அது சேர்ந்து என்ன செய்யும் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று தங்கச்சி சொன்னாள். கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடை லீவு, காலை பஸ்ஸில் வருகிறேன். அந்த மனிதரின் நம்பரை எடுத்து வையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்