டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பற்றிப் பேச நீ வர வேண்டும்

மதுரை

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது, பழையபடி படிக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மழைக்காலம் வருமுன் நல்ல வைத்தியரிடம் காட்டிவிடு.

நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை அறிவியல் உரை நடத்துகிறோம் அல்லவா, அதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பற்றிப் பேச உன்னை அழைத்திருந்தேன். செத்துப்போன தொழில்நுட்பத்தைப் பற்றி யார் கேட்பார்கள் என்று பதில் எழுதியிருக்கிறாய். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தொடக்கத்தில் செயற்கை நுண்ணறிவு பற்றி ஒருவர் பேசினார். நன்றாகப் படித்தவர். திரையில் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கேள்வி உண்டா என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஏப்ரல் 16 அன்று நிழலில்லா நாளுக்காக, அதாவது சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும் நாளுக்காக, முற்றத்தில் கூடினோம். நட்டிருந்த குழாயின் நிழல் 12.18 மணி அளவில் அதன் அடிக்குள் ஒடுங்கியது. “பன்னிரண்டு மணிக்குத்தானே உச்சிவெயில்? பதினெட்டு நிமிடம் எங்கே போயிற்று?” என்று பூக்கட்டும் அம்மா ஒருவர் கேட்டார். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. மதுரை இருப்பதோ ஏறக்குறைய 78 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் சூரியன் நமக்குத் தாமதமாக உச்சிக்கு வருகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் சென்னைக்கு எந்த நாள், தில்லிக்கு எந்த நாள் என்று கேள்விகள் குவிந்துவிட்டன. தில்லிக்கு அப்படியொரு நாளே கிடையாது, அது கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது, அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை என்றபோது எழுந்த வியப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பழகிய பொருளைக் காட்டினால் கேள்வி தானாகப் பிறக்கிறது. உன்னிடம் அப்படிப்பட்ட பொருள் ஏராளமாக இருக்கிறது.

டயலுக்குப் பூட்டுப் போட்டிருந்த காலத்தில், ரிசீவர் வைக்கும் இடத்தில் இருக்கும் பொத்தானைத் தட்டித் தட்டியே எண்ணைப் பிடிப்பாயே, அதையே முதலில் செய்து காட்டு. ஐந்தைச் சுழற்றினால் மின்னோட்டம் ஐந்து முறை அறுந்து சேரும், பூஜ்யத்துக்குப் பத்து முறை, டயல் செய்வதும் தட்டுவதும் ஒன்றே என்று அப்போது நீதான் எனக்கு விளக்கினாய். எக்ஸ்சேஞ்சில் அழைப்புகளைத் தானாக இணைக்கும் ஸ்ட்ரௌஜர் கருவி அந்தத் துடிப்புகளுக்கு ஏற்ப ஒவ்வொரு படியாக மேலே ஏறி, அடுத்த இலக்கத்துக்குப் பக்கவாட்டில் சுழன்று இணைப்பைத் தேடும் என்றாய். அந்த அறையின் ‘டக் டக்’ ஓசை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு எண் என்பது ஓர் இயந்திரத்தின் அசைவாக மாறுவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது?

செத்துப்போனது என்கிறாய். மின்சாரம் போனாலும் வீட்டுத் தொலைபேசி பேசியது ஏன்? எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் மின்சாரம் வந்ததால்தான். இன்று செல்பேசிக் கோபுரங்களின் அடியில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அதே 48 வோல்ட் நேர்மின்சாரத்தில்தான் (டி.சி.) ஓடுகின்றன. கம்பி அரிக்காமல் இருக்க நேர்முனையைத் தரையோடு இணைக்கும் பழைய வழக்கமும் மாறவில்லை. இதைக் கேட்டால் எங்கள் பள்ளி மாணவர்கள் உன்னை விடமாட்டார்கள்.

கிராம எக்ஸ்சேஞ்ச் பற்றியும் அவசியம் சொல். 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம், குளிர்சாதன வசதி இல்லாமல் வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய சிறிய எக்ஸ்சேஞ்சை வடிவமைத்து, 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவதை நிறுவியது. நம் ஊர்ச் சூழலுக்கு ஏற்றதை நம்மவர்களே செய்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்குகிறது. அந்தப் பெட்டிகளைத் திறந்து பழுதுபார்த்தவன் நீ. நான் புத்தகத்தில் படித்துச் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றாகாது.

இருபது நிமிடம் பேசினால் போதும். மீதி நேரத்தைக் கேள்விகள் பார்த்துக்கொள்ளும். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம்.

உன் பரணில் இருக்கும் சுழல் டயல் தொலைபேசியைத் துடைத்து எடுத்துவா. பேட்டரியும் கம்பியும் இங்கே வாங்கி வைக்கிறேன். வேறென்ன வேண்டும் என்று எழுது. தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு. எந்த மாதம் வசதிப்படும் என்று தெரிந்தால் நூலகரிடம் சொல்லி அறிவிப்புப் பலகையில் எழுதச் செய்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்