கல்லைக் கரையிலேயே பார்த்து எடு

பள்ளிப்பட்டு

அன்புள்ள மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தைகள் எல்லாரும் நலமா? கல் உருட்டிப் பாலிஷ் போடும் மெஷின் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளோடு கல் பொறுக்கப் போகலாம் என்றிருக்கிறோம், எங்கே போவது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் எழுத்தில் தருகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

முதலில் ஒன்று. மெஷின் கல்லைத் தேய்க்கும், அவ்வளவுதான். மோசமான கல்லை நல்ல கல்லாக்க அதனால் முடியாது. விரிசல் உள்ள ஒரு கல் மெஷினின் உருளைக்குள் உடைந்தால், அந்தத் துண்டுகளின் கூர்முனை பக்கத்துக் கற்களையும் கீறும். ஒரு மாத மின்சாரமும் தேய்க்கப் போடும் தூளும் வீண். கல் நன்றாக வருமா வராதா என்பதைக் கரையில் உட்கார்ந்து பார்க்கும் அந்த ஒரு நிமிஷம்தான் தீர்மானிக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தில் மெஷினைவிடக் கல்லைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

ஆவடியிலிருந்து காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பக்கூடிய இடங்கள் இரண்டு ஆற்றுப் படுகைகள். ஒன்று, நம் ஊர் வழியாக வந்து பூண்டி ஏரிக்குப் போகும் கொசஸ்தலையாறு. மற்றொன்று பிச்சாட்டூரிலிருந்து சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக ஓடும் ஆரணியாறு. இரண்டிலும் கிடைக்கும் நல்ல கல் குவார்ட்சைட். நூறு கோடி வருஷத்துக்கும் முந்தைய மணல் படிவுகள் இறுகி நகரி மலையில் குவார்ட்சைட் பாறையாக நிற்கின்றன. டைனோசர் காலத்து வெள்ளங்கள் அடித்துக்கொண்டு வந்த குவார்ட்சைட் உருண்டைகள் அல்லிக்குழி, சத்தியவேடு மலைகளில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. மழைக்கு அவை பிரிந்து மறுபடியும் ஆற்றுக்கு வருகின்றன. ஏற்கெனவே உருண்ட கல் என்பதால் உன் மெஷினுக்குப் பாதி வேலை மிச்சம்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை, மாசி மாதங்களில் போ. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் படுகையைப் புரட்டிப் போட்டுப் புதுக் கற்களை மேலே கொண்டுவந்திருக்கும், வெயிலும் தாங்கும். மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கவே கூடாது. கிருஷ்ணாபுரம் அம்மப்பள்ளி அணையைத் திறந்தால் இங்கே பள்ளிப்பட்டில் தரைப்பாலம் மூழ்கும். பிச்சாட்டூர் ஏரியைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் அதே கதை. வறண்ட காலத்திலும் மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஆழம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதே. கல்லைக் கையால் புரட்ட வேண்டாம். ஒரு கம்பியாலோ கழியாலோ தன் பக்கமாக இழுத்துப் புரட்டச் சொல். அப்படி இழுத்தால் கல்லே தடுப்பாக நிற்கும், அடியில் தேளோ சுருட்டை விரியனோ இருந்தால் எதிர்ப்பக்கமாகப் போய்விடும்.

இனி கல்லைப் பார்க்கும் விதம். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு இரும்பு ஆணி, ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு (விளிம்பில் டேப் ஒட்டி வை), ஒரு சின்ன புட்டியில் வினிகர். இவ்வளவு போதும்.

கல்லை நனைத்து வெயிலில் பிடித்துக்கொண்டு காய்வதைப் பார். மேற்பரப்பு ஒரே சீராக வெளுத்துக்கொண்டு வரும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கறுத்த கோடு கடைசிவரை காயாமல் நிற்கும். அந்தக் கல் வேண்டாம். தண்ணீர் விட்டதும் உறிஞ்சிக்கொள்ளும் கல்லும் வேண்டாம், அது துளை நிறைந்தது, பாலிஷ் ஏறாது. அடுத்து ஆணியால் கீறு. ஆணி கல்லைக் கீறக் கூடாது, கல் கண்ணாடியைக் கீற வேண்டும். வினிகர் விட்டு நுரை வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, கீழே போட்டுவிடு.

குவார்ட்சைட்டிலும் மணற்கல்லிலும் ஏமாறுவது சுலபம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பழுப்பு. உடைந்த முகத்தைத் தேடிப் பார். நல்ல குவார்ட்சைட்டில் உடைப்பு மணல் மணிகளையே அறுத்துக்கொண்டு போயிருக்கும், முகம் வழுவழுப்பாகக் கண்ணாடித்தன்மையோடு மின்னும். மணற்கல்லில் உடைப்பு மணியைச் சுற்றிக்கொண்டு போகும், விரலால் தேய்த்தால் மணல் உதிரும். அந்த உதிரும் கல் உருளைக்குள் போனால் கடைசி நாள்வரை மணியை உதிர்த்துக்கொண்டே இருக்கும், எந்தக் கல்லுக்கும் பாலிஷ் வராது.

இன்னொரு அடையாளம், பூதக்கண்ணாடி இருந்தால் குழந்தைகளிடம் கொடுத்துக் காட்டு. ஆற்றுக் குவார்ட்சைட்டின் தோலில் நகக்கீறல் அளவுக்குப் பிறை பிறையாகச் சின்ன வெடிப்புகள் இருக்கும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய தழும்புகள் அவை. ஆழமில்லாதவை, ஆனால் முதல் கட்டத்தில் முழுக்கத் தேய்ந்து போக வேண்டும். அரைகுறையாக விட்டால் பாலிஷுக்குப் பிறகு ஒவ்வொரு பிறையும் வெள்ளையாகத் தெரியும். தழும்பு குறைவான கல்லாகப் பார்த்து எடுத்தால் ஒரு வாரம் மிச்சம்.

சோளிங்கர், திருத்தணிப் பக்கம் வயல் வரப்புகளில் வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ்) கிடக்கும். பார்க்க அழகு, கடினமும் உண்டு, ஆனால் பெரும்பாலானவற்றில் உள்ளே வெடிப்பு ஓடும். தண்ணீர்ச் சோதனையில் தேறுவதை மட்டும் எடு, வயல்காரரைக் கேட்டுவிட்டு எடு. கிரானைட் துண்டுகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேயும். காக்காப்பொன் இருந்த இடம் குழியாகிவிடும். கடப்பாக்கல் துண்டு சமையலறை மேடையில் எவ்வளவு பளபளத்தாலும் அது சுண்ணாம்பு இனம், மென்மை. குவார்ட்சைட்டோடு போட்டால் அது கரைந்து சேறாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரே கடினமுள்ள கற்கள்தான், இதில் சமரசம் வேண்டாம்.

எடுக்கக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கைலாசகோனா, நாகலாபுரம் மலை மாதிரி அருவியும் காடும் உள்ள இடங்களில் குளித்துவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். காப்புக்காட்டிலிருந்து கல் எடுத்து வரக் கூடாது. பூண்டிக்குப் பக்கத்தில் கற்கால மனிதர்கள் வாழ்ந்த அத்திரம்பாக்கம், குடியம் இரண்டு இடத்திலும் ஒரு சில்லுகூட எடுக்காதே. 1863-இல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் அதே வருஷம் இங்கேயும் வந்து கண்டுபிடித்த இடம் அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-இல் ஆய்வு வெளியானது. அந்த மனிதர்கள் தேர்ந்தெடுத்ததும் நீ தேடிப் போகும் இதே குவார்ட்சைட்தான். அதனால் அந்த மாதிரிக் கல் ஆற்றுப் படுகையில் வேறு எங்கும்கூட கண்ணில் படலாம். உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர்ந்து ஒரு முனை அகன்று, இரண்டு முகத்திலும் சில்லு சில்லாகச் செதுக்கிய தடம், சுற்றிலும் விளிம்பு இருந்தால் அது ஆயுதமாக இருக்கலாம். இருந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுத்துக்கொள், பூண்டி தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் காட்டு. அதை மெஷினில் போட்டால் செதுக்கிய தடம் அழிந்து வெறும் கூழாங்கல்லாகிவிடும், பிறகு யாராலும் அதை மீட்க முடியாது. குழந்தைகளுக்கு அந்த அருங்காட்சியகத்தை முதலில் காட்டிவிட்டு ஆற்றுக்குப் போனால் கண் பழகிவிடும்.

எவ்வளவு எடுப்பது? உன் மெஷின் மூன்று பவுண்டு என்று எழுதியிருந்தாய். அந்த அளவு கல், தண்ணீர், தூள் எல்லாம் சேர்த்து, கிட்டத்தட்ட 1.36 கிலோ. கல் மட்டும் முக்கால் கிலோ முதல் 900 கிராம் வரை போகும். ஒரு பயணத்துக்கு இரண்டு கிலோ எடுத்தாலே கழித்தது போகத் தாராளம். பெரியது கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். பாதியாவது பட்டாணி முதல் புளியங்கொட்டை அளவில் இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இடுக்குகளில் உராய்வே இருக்காது. சின்னக் கற்கள்தான் தூளைப் பெரிய கல்லின் பள்ளங்களுக்குக் கொண்டுபோகும். பையில் ஊர் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒன்று போட்டுவை.

பெரிய கல்லை உடைக்க வேண்டுமானால் கோணியில் சுற்றி, நனைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை உடைக்கட்டும். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். காய்ந்த கல் தூசி நுரையீரலுக்குக் கேடு. கல்குவாரிக்காரர்களுக்கு வரும் சிலிக்கோசிஸ் அந்தத் தூசியால்தான்.

உருட்டுவது நான்கு கட்டம். உருளையில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் வரை கல் நிரப்பு. அரைக்குக் கீழே இருந்தால் கல் மேலிருந்து விழுந்து மோதும், ஓரம் சிதறும். கழுத்துவரை அடைத்தால் உருளவே உருளாது. தண்ணீர் மேலடுக்குக் கல்லின் அடியைத் தொட்டால் போதும். முதல் கட்டத்துக்கு 60/90 நம்பர் கார்போரண்டம் தூள் (சிலிக்கன் கார்பைடு, நம்பர் கூடக்கூடத் தூள் மெலிது) நான்கு மேசைக்கரண்டி, ஏழு நாள் நிறுத்தாமல் ஓட்டு. முதல் இரண்டு மூன்று நாள் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றை விடு, சில கற்களிலிருந்து வாயு கிளம்பி மூடியைத் தள்ளும். மூடும்போது விளிம்பில் ஒரு துகள்கூட இல்லாமல் ஈரத்துணியால் துடை, கசிவுக்கு முக்காலும் அதுதான் காரணம். தேய்ந்த கலவை தோசைமாவுப் பதத்தில் இருந்தால் சரி. அதைவிடக் கெட்டியானால் கொஞ்சம் தண்ணீர்.

ஏழாம் நாள் கழுவி ஒவ்வொரு கல்லாகக் காயவைத்துப் பார். பள்ளமோ பிறையோ இருந்தால் புதுத் தூள் போட்டு இன்னொரு வாரம். பழைய தூள் தேய்ந்து மழுங்கியிருக்கும், அதையே ஓட்டிப் பயனில்லை. இந்தக் கட்டத்தில் கல் கால் பங்கு குறைந்தாலும் கவலைப்படாதே. இங்கே அவசரப்பட்டால் அடுத்த மூன்று கட்டத்தாலும் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் பிறகு போடும் தூள்கள் வடிவத்தை மாற்றுவதில்லை, கீறலை மட்டும் மெலிதாக்கும்.

அடுத்து 150/220 நம்பர் ஏழு நாள், பிறகு 500 நம்பர் ஏழு நாள், கடைசியில் அலுமினியம் ஆக்ஸைடு பாலிஷ் தூள் ஏழு நாள். அளவு அதே நான்கு கரண்டி. தேய்ந்து அளவு குறைந்திருக்கும், அதைச் சின்னக் கூழாங்கற்களாலோ பீங்கான் துண்டுகளாலோ நிரப்பிக்கொள். அந்த நிரப்புக் கற்களும் கட்டத்துக்குக் கட்டம் சேர்ந்தே வந்தவையாக இருக்க வேண்டும். 500 முடிந்ததும் காய்ந்த கல்லில் லேசான மினுமினுப்பு தெரிய வேண்டும். நனைத்தால் மட்டும் மின்னி, காய்ந்தால் மங்கினால் இன்னும் மூன்று நான்கு நாள் ஓட்டு.

கட்டங்களுக்கு நடுவே கழுவுவதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். 60 நம்பர் துகள் ஒன்று பாலிஷ் உருளையில் தங்கினால் போதும், எல்லாக் கல்லிலும் முடிக்கோடுகள் விழும். உருளையின் உட்பக்கம், மூடியின் இடுக்கு, கல்லின் குழி எல்லாம் பிரஷ் போட்டுத் தேய். பாலிஷுக்குத் தனி பிரஷ், தனி வாளி, முடிந்தால் தனி உருளை வை. அரைக்கரண்டி சோப்புச் சீவலும் தண்ணீரும் மட்டும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் கழுவினால் இன்னும் நல்லது. கலவையைச் சிங்க்கில் ஊற்றிவிடாதே. அது குழாய்க்குள் சிமெண்ட் மாதிரி இறுகும். வாளியில் ஒரு இரவு தெளியவைத்து, தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, அடிச்சேற்றைக் குப்பையில் போடு. காய்ந்த சேற்றைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை.

தூள் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும். லேத் பட்டறையில் வால்வுக்குப் போடும் கிரீஸ் கலந்த பேஸ்டைத் தந்தால் வாங்காதே, கிரீஸ் கல்லில் ஒட்டிக்கொண்டு போகாது. மெஷினைப் படுக்கை அறைக்குத் தூரமாக, மத்தியான வெயில் படாத இடத்தில் வை. மோட்டார் சூடாகிப் பெல்ட் நழுவினால் பெரும்பாலும் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். கரண்ட் போய் பல மணி நேரம் நின்றிருந்தால், மறுபடி ஓட்டுவதற்கு முன் உருளையைக் கையால் நாலு சுற்றுச் சுற்றி அடியில் படிந்த தூளைக் கலக்கிவிடு.

பாலிஷ் முடிந்த கல்லை டியூப் லைட்டுக்குக் கீழே பிடி. லைட்டின் கோடு ஓரம் கலையாமல் நேராகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மங்கலாக, ஓரம் உதிர்ந்த மாதிரித் தெரிந்தால் 500-க்குத் திரும்பிப் போ, பாலிஷ் தூளை மட்டும் மேலும் மேலும் கொட்டிப் பிரயோஜனமில்லை.

அடுத்து ஊருக்கு வரும்போது முதல் கட்டம் முடிந்த கற்களைக் கொண்டுவா, எது போகலாம் எது நிற்கட்டும் என்று சேர்ந்து பிரித்துவிடலாம். 500 நம்பர் தூள் என்னிடம் இருக்கிறது, நீ வாங்க வேண்டாம். பேத்திக்கு ஒரு பூதக்கண்ணாடி எடுத்து வைத்திருக்கிறேன். பேரனுக்கு வேண்டுமென்றால் சொல், இன்னொன்று வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா