கையெழுத்துக்கு முன்னால்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

மார்க் ஸக்கர்பெர்க் ஃபேஸ்புக்கைத் தொடங்கிய கதையைச் சொல்லும் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தைப் பார்த்துவிட்டு, “மார்க் மாதிரி வரணும்க்கா” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் என்றே இருந்தது.

படம் பிரமாதம்தான். 2010-இல் டேவிட் ஃபின்ச்சர் எடுத்தது. ஆரோன் சார்கினின் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் படத்தில் மார்க்கை விட்டுப் பிரியும் எரிகா என்ற அந்தப் பெண் கற்பனை. 2004 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தொடங்கியபோது மார்க் ஏற்கெனவே, பிற்பாடு மனைவியான பிரிசில்லாவோடு பழகிக்கொண்டிருந்தார். காதல் தோல்விதான் கம்பெனியை உண்டாக்கியது என்று நம்பிவிடாதே. யோசனையைத் திருடிவிட்டதாக வழக்குப் போட்ட விங்கிள்வாஸ் சகோதரர்கள் விவகாரம் நிஜம், 2008-இல் 6.5 கோடி டாலருக்குச் சமாதானம் ஆனது.

நீ எட்வர்டோவைக் கவனித்தாயா? மார்க்கின் நண்பன், கம்பெனியில் முதல் பணம் போட்டவன். வக்கீல்கள் காகிதங்களை நீட்டுகிறார்கள், நண்பனின் கம்பெனிதானே என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறான். அவர்கள் தனக்கும் வக்கீல்கள் என்றுதான் நினைத்திருக்கிறான். அப்புறம் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தால், 34 சதவீதத்துக்கு மேல் இருந்த பங்கு 0.03 ஆகிக் கிடக்கிறது. நிஜத்தில் அவ்வளவு கரையவில்லை. ஆனாலும் இணை நிறுவனர் என்ற பெயரே வழக்குக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. எனக்கு அந்தக் கையெழுத்துக் காட்சிதான் வயிற்றைப் பிசைந்தது. ஆடிட்டர் ஆபீஸில் தினமும் இப்படிக் காகிதங்களைப் பார்க்கிறவள் நான்.

உன் ஆப்பையே எடுத்துக்கொள். கூலிக்குப் போன வெள்ளி எவ்வளவு, கொலுசாகத் திரும்பியது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கணக்கு வைக்கும் யோசனை செவ்வாய்பேட்டையில் உன் நண்பனின் அப்பா பட்டறையில் பிறந்தது. பணமும் அங்கிருந்துதான் வந்தது. கோடிங் உன்னுடையது. அந்தப் பெரியவர் சொந்தத் தம்பிக்குக் கொடுக்கும் வெள்ளியைக்கூட எடை போட்டு, நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே!

எழுத்தில் ஒன்றும் இல்லாத கூட்டு என்றால், 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் நட்டமும் சமபங்கு. பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டால் கணக்கு வேறு. நான்கில் மூன்று பங்கு ஓட்டு இருந்தாலே புதுப் பங்குகளை வெளியாருக்குக் கொடுக்கலாம். உன் நண்பனின் பங்கு கால்வாசியைத் தாண்டாவிட்டால், அவன் வேண்டாம் என்றாலும் நடக்கும். பெங்களூரிலிருந்து முதலீடு செய்ய யாராவது வந்தால் முதலில் இந்தப் புதுப் பங்குகளைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்பதை இன்றைக்கே எழுதி வைத்துவிடு. நீ கெட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். படத்து மார்க்கும் ஆரம்பத்தில் நண்பனை ஏமாற்றக் கிளம்பியவனாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. யாருக்கு எத்தனை பங்கு, பாதியில் ஒருவர் விலகினால் என்ன, யோசனை யார் பெயரில் என்று உட்கார்ந்து பேசி, நானே வரைவு எழுதித் தருகிறேன். ஆனால் நான் உன் அக்கா. அதனால் கையெழுத்துப் போடும் முன் அவன் தனக்கென்று ஒரு வக்கீலிடம் அதைக் காட்டட்டும். அதை நீயே அவனிடம் சொல்.

அன்புடன்,
அக்கா
சேலம்