எனக்கும் எப்பவோ தெரியும், மகன்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகன்,

வாட்ஸ்அப்பில் சொல்லலாம்தான். உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் மீன் விலைக்குப் போய்விடுவேன். அதனால்தான் கடிதம்.

போன முறை வந்தபோது என்னை இருத்திவைத்து ஒரு படம் காட்டினாயே, வெள்ளைத் தாடியும் கோலுமாக ஒரு மந்திரவாதி வருவார். இயன் மெக்கெல்லன். படம் எனக்குப் பெரிதாக விளங்கவில்லை, அவருடைய குரல் மட்டும் காதில் நின்றது. ஷேக்ஸ்பியர் நடிகர் என்று அறிந்ததும், இங்கிலிஷ் படிப்பித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா, தேடித்தேடி வாசித்தேன்.

1988இல் பிபிசி வானொலியில் ஒரு விவாதம். உள்ளூராட்சி சபைகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது, பள்ளிக்கூடங்களில் அதை ஏற்றுப் படிப்பிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வரப் போகிற நேரம். எதிர்த்துப் பேசப் போனவர், பேச்சோடு பேச்சாக, நானும் அப்படிப்பட்டவன்தான் என்று சொல்லிவிட்டார். வயது 48. சட்டம் நிற்கவில்லை, வந்தேவிட்டது; இங்கிலாந்தில் அதை எடுக்க 2003 ஆனது. அவருக்கோ நடிப்பும் குறையவில்லை, 1991இல் ‘சேர்’ (Sir) பட்டமும் கிடைத்தது.

எனக்குத் தைத்தது வேறு. அவருக்கு 12 வயதில் தாய் போய்விட்டா, 24இல் தகப்பன். சொல்ல வேண்டிய இரண்டு பேரும் இல்லை. தகப்பன் மறுதாரம் கட்டிய அம்மாவிடம்தான் போய்ச் சொன்னாராம். அந்த மனுசி, எனக்கு எப்பவோ தெரியுமே என்றிருக்கிறா.

எனக்கும்தான், மகன்.

நான் பிழையாக விளங்கியிருந்தால் சிரித்துவிட்டு இதைக் கிழித்துப் போடு. பிழை என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துகொண்டே உன் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிடம் போனேன், பொம்பிளைப் பிள்ளையின் படமும் அனுப்பினேன். மூன்று மாதம் நீ சரியாகப் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையும் அல்லவா கெடுக்கப் பார்த்திருக்கிறேன்! மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. என் வகுப்பில் ஒரு பெடியன், மெல்லிய நடை, மெல்லிய பேச்சு. ஆசிரியர் அறையில் அவனைப் போலவே நடந்து காட்டிச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் கொப்பி திருத்துகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். பத்தாம் ஆண்டோடு அவன் பள்ளிக்கூடம் வருவதை விட்டுவிட்டான். கூத்தில் பெண் வேடம் கட்டினால் வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து பார்க்கிற சனம்தான் நாங்கள். ஒரு பிள்ளை தன் பாட்டில் நடந்தால் பொறுக்க மாட்டோம்.

இங்கே சட்டமும் அப்படியே கிடக்கிறது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள், வெள்ளைக்காரன் 1883இல் எழுதி வைத்துப் போனது. அவன் தன் நாட்டில் 1967இலேயே தளர்த்திவிட்டான். அதை மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தபோது, அந்த மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. நீ வாயைத் திறக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கும். பேப்பரில் தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள், நல்ல சொல். ஊரில் சொல்லுகிற சொற்களை எழுத என் கை வராது.

அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, உனக்குச் சரி என்று படுகிறபோது சொல். அவர் இரண்டு நாள் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். பிறகு உனக்கு என்ன கறி பிடிக்கும் என்று என்னிடம் கேட்பார். முப்பத்தொன்பது வருடம் பார்த்த மனுசன்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வரப் பார். வீடியோவில் பின்னால் நின்று உனக்குத் தேத்தண்ணி நீட்டுகிற தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. தீர்த்தம் முடியும் வரை வீட்டில் மரக்கறிதான். அதற்குப் பிறகு வாவி இறால் வாங்கலாம் என்று இருக்கிறேன். அவர் மச்சம் சாப்பிடுவாரா?

அம்மா